விலாசத்தோடு விற்பது

தேவகோட்டையில் நெடுநாள் பூட்டிக் கிடந்த வளவு வீட்டைத் திறக்கும் நாளில் தூசியோடு சேர்ந்து ஒரு கேள்வியும் எழும். பங்காளிகள் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து சேர்ந்திருப்பார்கள். எந்த அறைச் சாவி எந்தக் குடும்பப் புள்ளியிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போய்விடும். அறைக்குள் பித்தளை அண்டாக்கள், வெண்கலப் பானைகள், மங்குச் சாமான்கள், ஓலைக் கொட்டான்கள், தேக்குப் பெட்டகங்கள் இருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில், பழைய வேட்டியில் சுற்றிவைத்த சிவப்பும் கறுப்புமான வட்டப் பெட்டி ஒன்று கிடைக்கலாம். பர்மா அரக்குச் சாமான். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு தட்டு, அதன்கீழ் இன்னொரு தட்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி முகப்பில் காத்திருப்பார். மொத்தமாகத் தருகிறீர்களா, தனித்தனியாகவா என்பதுதான் அவர் கேட்பது.

அறம் கேட்பது மூன்று. இந்தப் பெட்டி யாருடையது? இதை விற்க யாருக்கு உரிமை? விற்பதானால் எப்படி விற்பது நேர்மை?

ஒரு பெட்டிக்கு இவ்வளவு விசாரணை தேவையா என்று தோன்றலாம். ஆனால் பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று எழுதிவைப்பது செட்டிநாட்டுக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் இல்லை. பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்கள் ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியலில் ஏறும். பாத்திரங்களில் விலாசம் வெட்டியிருக்கும். தாத்தா, தந்தை பெயர்களின் முதலெழுத்துகள் அடங்கிய அந்த விலாசமே கடைக்கும் பெயர், குடும்பத்துக்கும் பெயர். நூறு வீட்டு விருந்துக்கு இரவல் போன தேக்சா அந்த எழுத்தைப் பார்த்தே வீடு திரும்பும். கொண்டுவிற்கப் போன ஊர்களில் அன்றாடக் குறிப்பு, பேரேடு, ஆண்டு முடிவில் ஐந்தொகை என்று எழுதிப் பழகிய சமூகம் இது. உலக அருங்காட்சியகங்கள் இன்று ஒவ்வொரு பொருளுக்கும் தேடித் தவிக்கும் உரிமை வரலாறு இங்கே அண்டாவின் கழுத்திலேயே வெட்டப்பட்டிருந்தது.

ஆகவே இந்தக் கேள்விக்கான அளவுகோலையும் உள்ளூரிலேயே எடுத்துக்கொள்ளலாம். கணக்கு சரியாக இருக்கிறதா என்பதே அது.

அரக்கு என்ற சொல்லிலிருந்து தொடங்குவது நல்லது. தமிழில் அரக்கு என்றால் பூச்சியிலிருந்து கிடைக்கும் பிசின். முத்திரை வைக்கவும் வளையல் செய்யவும் உதவுவது. பாண்டவர்களுக்காகக் கட்டிய மாளிகையும் அந்த அரக்கால் ஆனதுதான். பர்மா, சீனச் சாமான்களின் பூச்சு வேறு. அது மரத்தைக் கீறி எடுக்கும் பால். பர்மாவில் அதைத் தித்சி என்பார்கள். பழைய தலைநகரான பகானில் இந்தத் தொழில் இன்றும் நடக்கிறது. மூங்கிலைச் சீவிப் பின்னி அச்சுருவம் செய்வார்கள். மிக உயர்ந்த வேலைப்பாட்டில் மூங்கிலோடு குதிரை மயிரையும் சேர்த்துப் பின்னுவதுண்டு. அத்தகைய கிண்ணத்தின் விளிம்பை இரு விரலால் அழுத்தினால் வளைந்து கொடுத்து, விட்டதும் பழைய வடிவுக்குத் திரும்பும். அச்சுருவத்தின் மேல் பாலைப் பூசி, ஈரமான நிலவறையில் நாள்கணக்கில் காயவைத்துத் தேய்த்து, மறுபடி பூசுவார்கள். வெயிலில் காய்வதில்லை இந்தப் பால், ஈரக்காற்றில்தான் இறுகும். ஒரு பெட்டி முடிய மாதங்கள் ஆகும். கடைசியில் ஊசிமுனையால் கீறி நிறம் ஏற்றுவார்கள். அந்தப் பெட்டியைச் செய்தவர் பெயர் பெரும்பாலும் அதில் இருக்காது. வாங்கியவர் வீட்டு அண்டாவுக்கு விலாசம் இருக்கிறது, செய்தவருக்கு இல்லை. ஐந்தொகையில் விடுபட்ட முதல் இனம் இதுதான்.

இதேபோன்ற மரப்பாலின் உச்சகட்ட வேலை சீன அரண்மனையில் நடந்தது. மிங் பேரரசர் சுவாண்டே ஆண்ட 1426 முதல் 1435 வரையான காலத்தில், பெய்ஜிங்கில் பழத்தோட்டப் பட்டறை என்று பெயர் பெற்ற அரண்மனைத் தொழிற்கூடத்தில் செய்த சிவப்பு அரக்கு மேசை ஒன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1973இல் அது அங்கே சேர்ந்தது. பூச்சின்மேல் பூச்சாக ஏற்றி, அந்தத் தடிப்பிலேயே டிராகனையும் பீனிக்ஸையும் செதுக்கியிருக்கிறார்கள். அரசருக்கு மட்டும் உரிய டிராகனுக்குப் பாதத்துக்கு ஐந்து நகம். இந்த மேசையின் டிராகன்களில் ஐந்தாவது நகத்தைப் பிற்காலத்தில் யாரோ சுரண்டி எடுத்திருக்கிறார்கள். அரசருடையது என்பதைக் காட்டிக்கொடுப்பது அந்த ஒற்றை நகம்தான். அரண்மனைக்கு வெளியே போகும் பொருளிலிருந்து அதை நீக்கியிருக்க வேண்டும் என்பது ஏற்கத்தக்க ஊகம். காரணம் எதுவானாலும், சுரண்டிய இடத்தில் எஞ்சியிருப்பது ஒரு விலாசம் அழிந்த தழும்பு.

அதே அருங்காட்சியகத்தில் இன்னொரு சீன அரக்குப் பொருளும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் சியன்லுங் பேரரசருக்காகச் செய்த அரியணை அது. பெய்ஜிங்குக்குத் தெற்கே இருந்த அரச வேட்டைத் தோட்டத்தின் மாளிகையில் இருந்தது. 1900இல் பாக்சர் கிளர்ச்சியை அடக்க வந்த அயல்நாட்டுப் படைகளின் காலத்தில் வெளியேறி, ஜார் மன்னரின் தூதராக இருந்த ரஷ்யர் ஒருவரின் கைக்குப் போய், 1922இல் அருங்காட்சியகத்தை அடைந்தது. மேசை பேசாமல் நிற்கிறது. அரியணையின் கதை வெளியே தெரிந்திருக்கிறது. தெரிந்திருப்பதால் அதை வைத்திருப்பவர்களுக்குச் சங்கடம். ஆனால் அந்தச் சங்கடமே, அதைப் பார்க்க வருகிறவர்களுக்கு 1900இல் பெய்ஜிங்கில் நடந்ததைச் சொல்லிக்கொடுக்கிறது. நகம் சுரண்டப்பட்ட மேசை அப்படி எதையும் சொல்வதில்லை. அழகாக மட்டும் இருக்கிறது.

தேவகோட்டைப் பெட்டிக்கு இவ்விரண்டில் எந்த வழி என்பதே உண்மையான கேள்வி. அந்தப் பெட்டியின்மேல் மூன்று தரப்பார் உரிமை கோரலாம். ஒவ்வொன்றையும் தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

முதல் தரப்பு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வளவு வீடு பிரிபடாத பொதுச் சொத்து. ஒவ்வொரு புள்ளிக்கும் அறை உண்டு. வளவும் முகப்பும் எல்லாருக்கும் பொது. சாவி கையில் இருக்கும் பங்காளி தனியாக விலை பேசினால், அவர் விற்பதில் பெரும்பகுதி அவருடையதே இல்லை. பராமரிக்க ஆளில்லை, வரி கட்டியதும் ஓடு மாற்றியதும் நான்தான் என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். அந்த நியாயம் செலவுக் கணக்கைக் கேட்டு வாங்க உதவும்; மற்றவர் பங்கை விற்க உதவாது. ஊரில் இருப்பவர் காவல்காரர், வெளிநாட்டில் இருப்பவர் உரிமையாளர் என்று ஆகிவிடக் கூடாது என்பதும் உண்மை. இரண்டுக்கும் ஒரே தீர்வுதான்: கூடி உட்கார்ந்து, எழுதி, பிரிப்பது.

அப்படிக் கூடும்போதும் ஒரு நாற்காலி காலியாக இருப்பது வழக்கம். சாமான்களில் பெரும்பகுதி மருமகளாக வந்த ஆச்சிகள் கொண்டுவந்தவை. வேவுக் கடகாம் முதல் மங்குத் தட்டு வரை அவர்களுடைய சீர். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணின் சொத்தை அவருடைய முழு உரிமையாக்கியது. அவர் எழுதிவைக்காமல் மறைந்தால் மகனோடு மகளுக்கும் அதில் பங்கு உண்டு. குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமையைத் தமிழ்நாடு 1989இலும் நாடு முழுவதற்குமாக நாடாளுமன்றம் 2005இலும் சட்டமாக்கின. இருந்தும், வேறு வீட்டுக்குப் போன பெண் என்ற பேச்சில் ஆச்சியின் அரக்குப் பெட்டியை அவர் மகளிடம் கேட்காமலே விலைபேசிவிடும் வழக்கம் எளிதில் போவதில்லை. அம்மா தாம்பூலம் எடுத்து நீட்டிய பெட்டியை யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறைப் படத்தில் பார்க்க நேரும் மகளுக்குச் சட்டப் பிரிவு ஆறுதல் தராது. கேட்டிருந்தால் அவர் விற்கச் சம்மதித்திருக்கவும் கூடும். பிழை விற்றதில் இல்லை, கேட்காததில் இருக்கிறது.

இரண்டாவது தரப்பு ஊர். சட்டம் இதற்கு ஒரு குரல் கொடுக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கைவேலைப் பொருள் தொல்பொருள். கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் இதில் அடங்கும். அதை வணிகம் செய்ய உரிமம் வேண்டும்; தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. 1920களில் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த பெட்டி இப்போதுதான் அந்த நூறைத் தொடுகிறது. அதற்கு முன்பே கட்டிய வீடுகளின் நிலைக்கதவுகளும் தேக்குத் தூண்களும் எப்போதோ தொட்டுவிட்டன. ஒரு பொருள் நேற்று வரை சாமான், இன்று முதல் தொல்பொருள் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். எல்லையை எங்காவது போடத்தான் வேண்டும் என்பதற்குமேல் சட்டம் எதையும் சொல்லவில்லை. தொண்ணூற்றொன்பது வயதுப் பெட்டியை அவசரமாகக் கப்பலேற்றுபவர் சட்டத்தை மீறாதவராக இருக்கலாம். ஆனால் நாள்காட்டியைப் பார்த்து அறம் செய்பவர் அவர்.

ஊரின் உரிமைக்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஊர் பெருமை பேசும். ஓடு மாற்றப் பணம் தராது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்ன உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலால் ஒரு வீட்டின் ஒழுகல்கூட நிற்பதில்லை. பூட்டிய அறையில் கரையான் தின்பதைவிட, பத்திரமாக வைத்துக்கொள்பவரிடம் போவது பொருளுக்கு நல்லதல்லவா? முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில், பிரித்தெடுத்து மறுபடி நிறுத்திய செட்டிநாட்டு வீட்டுப் பகுதிகளைப் பிள்ளைகள் இன்றும் தொட்டுப் பார்க்கிறார்கள். பிரித்தது அங்கே காப்பாற்றியது.

பர்மாவின் அரசரிடமிருந்தே இதற்குப் பெரிய சான்று இருக்கிறது. 1885இல் ஆங்கிலேயர் மண்டலேயைப் பிடித்துத் திபா மன்னரை அகற்றினார்கள். அவருடைய சிங்க அரியணை 1902இல் கல்கத்தா அருங்காட்சியகத்துக்குப் போனது. 1945இல் நடந்த போரில் மண்டலே அரண்மனை எரிந்தது. அங்கிருந்த மற்ற அரியணைகளும் அதனுடன் போயின. கல்கத்தாவில் இருந்ததாலேயே சிங்க அரியணை மிஞ்சி, 1948இல் விடுதலை பெற்ற பர்மாவுக்குத் திரும்பியது. எடுத்துப்போனவன் காப்பாற்றினான் என்று இதைப் படிக்கலாம். ஆனால் அந்த அரியணை யாருடையது, எங்கிருந்து வந்தது என்பதை யாரும் மறைக்காததால்தான் அது திரும்ப முடிந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். காப்பாற்றியவர் கேட்கக்கூடிய கூலி நன்றி. உரிமையையே கூலியாக எடுத்துக்கொண்டால் அதற்குக் காவல் என்று பெயரில்லை.

ஆகவே விற்பதை ஊர் தடுக்க முடியாது; பொருள் எந்த ஊருடையது என்பதை அழிப்பதைத் தடுக்கலாம். தேவகோட்டை வீட்டு நிலைக்கதவு எங்கோ கண்ணாடி பதித்த சாப்பாட்டு மேசையாகிறது. அது பிழைப்பின் ஒரு வடிவம்தான், கெட்டுப்போகவில்லை. ஆனால் அந்த மேசையில் சாப்பிடுபவருக்கு அது கதவு என்பதாவது தெரியுமா? கஜலட்சுமி செதுக்கிய பகுதி மேலே தெரிய, பூட்டுத் துளையை மரத்தூளால் அடைத்துவிட்டால், அதுவும் சுரண்டிய நகம்தான்.

மூன்றாவது தரப்பு மிகத் தொலைவில் இருக்கிறது. அதனாலேயே அது பங்கு பிரிக்கும் கூடத்துக்கு வருவதில்லை. அந்தப் பெட்டி எந்தப் பணத்தில் வந்தது?

பெட்டியை வாங்கியதில் குற்றம் காண இடமில்லை. சீனத் தோட்டத்து அரியணை போல அதைப் படை அள்ளிவரவில்லை. விலை கொடுத்துக் கடையில் வாங்கினார்கள். செய்தவருக்கோ விற்றவருக்கோ பணம் போனது. கேள்வி பணத்தின் ஊற்றைப் பற்றியது. 1852க்குப் பிறகு கீழ் பர்மாவில் ஆங்கில ஆட்சியோடு நெல் விரிந்தது. சதுப்புக்காட்டை வெட்டி வயலாக்கிய பர்மிய உழவனுக்குக் கடன் கொடுக்கப் பெரிய வங்கிகள் முன்வரவில்லை. ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கிகளிலிருந்து நகரத்தார் என்னும் செட்டிநாட்டுச் செட்டியார்கள் கொடுத்தார்கள். உள்ளூர் வட்டிக்காரர்களைவிடக் குறைந்த வட்டிக்கே கொடுத்தார்கள். உலகின் மிகப் பெரிய அரிசி ஏற்றுமதி நாடாக பர்மா ஆனதில் அந்தப் பணத்துக்குப் பெரிய பங்குண்டு. இது வரவுப் பக்கம், உண்மையான வரவு.

பற்றுப் பக்கம் 1930இல் தொடங்குகிறது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை பாதிக்கும் கீழே விழுந்தது. கடன் தொகை அப்படியே நின்றது. அடமான நிலங்கள் ஒவ்வொன்றாகக் கடன் கொடுத்தவர் பேருக்கு மாறின. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938இல் அது 25 விழுக்காடு. நிலத்தை அவர்கள் நாடவில்லை. திருப்பித் தரப் பணம் இருந்திருந்தால் பணத்தையே வாங்கியிருப்பார்கள். அது அவர்கள் தரப்பின் நியாயம். தாத்தா வெட்டித் திருத்திய வயலில் குத்தகைக்காரனாகக் கூலிக்கு நின்றவனுக்கு அந்த நியாயத்தால் ஒரு படி நெல்லும் கிடைத்திருக்காது. அது மறுதரப்பின் உண்மை.

பிறகு வந்தது எல்லாருக்கும் தெரியும். 1941 டிசம்பரில் ரங்கூன்மேல் ஜப்பானியக் குண்டுகள். 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடும் கடந்து நடந்தார்கள். பலர் வழியிலேயே மடிந்தார்கள். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை அரசுடைமையாக்கும் சட்டம் கொண்டுவந்தது. இழப்பீடு பெரும்பாலும் கைக்கு வரவில்லை. 1962க்குப் பின் நே வின் ஆட்சியில் மிச்சமிருந்த கடைகளும் போயின. தேவகோட்டையிலும் காரைக்குடியிலும் பாதிக்கட்டில் நின்ற வீடுகள், வண்ணமடிக்காமல் விட்ட மாடிகள் எல்லாம் அந்த ஆண்டுகளின் சாட்சி. பர்மாவில் விட்டுவந்ததைப் பற்றிய பேச்சு இந்தப் பகுதியில் மூன்று தலைமுறையாக நிற்கவில்லை.

இங்கேதான் அறம் கூர்மையாகிறது. தம் இழப்பை உலகம் ஏற்க வேண்டும் என்று கேட்பவர், தம் வரவில் அடங்கியிருக்கும் இன்னொருவர் இழப்பையும் எழுதியாக வேண்டும். பர்மா அரசு எங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டது என்று சொல்லும் வாய், அந்த நிலம் அதற்கு முந்திய பத்தாண்டில் எப்படி எங்கள் பேருக்கு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதிய பேரேட்டை எந்த மேலாளும் ஒப்புக்கொண்டதில்லை.

இதற்கு மூன்று மறுப்புகள் வரும். பாட்டனார் செய்ததற்குப் பேரன் பொறுப்பா என்பது முதலாவது. குற்றத்துக்குப் பொறுப்பில்லை என்பதே சரியான விடை. ஆனால் பாட்டனாரின் பெட்டியை வைத்துக்கொள்ளும்போது அவருடைய கணக்கும் சேர்ந்தே வருகிறது. சொத்துக்கு வாரிசு, கணக்குக்கு அந்நியன் என்று ஒருவர் இரண்டு வேடம் போட முடியாது. கடனையே பரம்பரைப் பொறுப்பாக மதித்துத் தீர்த்த சமூகத்துக்கு இது புரியாத நியாயம் இல்லை.

இப்போது யாருக்குத் திருப்பிக் கொடுப்பது என்பது இரண்டாவது. அடமானம் மூழ்கிய உழவனின் பேரன் எங்கே இருக்கிறானோ, பெட்டியைப் பின்னியவரின் பேத்தி யாரோ. ஆவணங்களும் போரில் போயின. இந்தப் பக்கத்திலும் ஆகஸ்ட் 1942இல் தேவகோட்டை நீதிமன்றக் கட்டடத்தையே மக்கள் எழுச்சியின் தீ தின்றது. திருப்பித்தர ஆளில்லாதபோது திருப்பித்தரும் கடமை இல்லை என்பது உண்மையே. அதனால் சொல்லும் கடமையும் போய்விட்டது என்றாகாது. சான்று இல்லாமை ஒருவரை வழக்கிலிருந்து விடுவிக்கும், நினைவிலிருந்து விடுவிக்காது.

மூன்றாவது மறுப்பு வியாபாரத்திலிருந்து வரும். இத்தனை கதையும் சொன்னால் விலை விழும் என்பார்கள். விழலாம். உயரவும் செய்யும், வரலாறு தெரிந்த பொருளைத்தான் பெரிய ஏலங்கள் நாடுகின்றன. ஆனால் விலை உயரும் என்பதற்காக உண்மை சொல்வதும் விழும் என்பதற்காக மறைப்பதும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள். நகரத்தார் தம் வேரைக் காவிரிப்பூம்பட்டினத்தில் காண்பவர்கள். அந்தத் துறைமுகத்தைப் பாடிய பட்டினப்பாலையின் வணிகர்கள், வாங்கும்போது கூடுதலாகக் கொள்ளாதவர்கள், விற்கும்போது அளவைக் குறைக்காதவர்கள், தம் சரக்கையும் பிறர் சரக்கையும் ஒரே கண்ணால் பார்த்தவர்கள். பிறர் பொருளையும் தம் பொருள்போல் எண்ணுவது என்றால், பிறர் இழப்பையும் தம் இழப்பைப்போல் எண்ணி எழுதுவதுதான்.

ஆகவே விற்கக் கூடாது என்ற முடிவு இங்கே வரவில்லை. வீடு ஒழுகும்போது, பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்போது, மரபைக் காப்பாற்று என்று தொலைவிலிருந்து உபதேசிப்பது அறம் ஆகாது. பொருள் கை மாறுவது இயல்பு. அந்தப் பெட்டியே பகானிலிருந்து ரங்கூனுக்கும் ரங்கூனிலிருந்து தேவகோட்டைக்கும் கை மாறித்தான் வந்தது. விற்பவரின் கடமை, பங்காளிகளிடமும் ஆச்சி பெற்ற பெண்களிடமும் முதலில் கேட்பது. தெரிந்ததை எழுதிக் கொடுப்பது. வியாபாரியின் கடமை, எழுத்து வெட்டிய பாத்திரத்தை அரம் போட்டுத் தேய்க்காமல் இருப்பது. எந்த ஊர், எந்தக் காலம் என்று கேட்டு வாங்கி, அதையும் சரக்கோடு சேர்த்துக் கொடுப்பது. நூறாண்டு கடந்ததைக் கடல் கடத்தத் துணைபோகாமல் இருப்பது. வாங்குபவரின் கடமை மிக எளியது: விலை கேட்பதற்கு முன்னால் எங்கிருந்து என்று கேட்பது. அந்தக் கேள்வியைக் கேட்கும் வாடிக்கையாளர் ஒரு தெருவில் பத்துப்பேர் இருந்தாலும் கடைகளின் பழக்கம் மாறும்.

சொன்னால் பொருளே கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் மட்டும் மிச்சமிருக்கும். பெரிய அருங்காட்சியகங்கள் பலகாலம் வாய்திறக்காததற்கும் இந்த அச்சமே காரணம். இதற்கு விடை, மிங் மேசை நிற்கும் அதே லண்டன் கட்டடத்தின் வரலாற்றில் இருக்கிறது. திபா மன்னரின் பொன்னும் மணியுமான அரச அணிகலன்கள் மண்டலேயிலிருந்து அங்கே போயிருந்தன. யாருடையவை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. 1964இல் அருங்காட்சியகம் அவற்றை பர்மாவுக்குத் திருப்பிக் கொடுத்தது. அதே ஆண்டுகளில்தான் இந்தியர்கள் ரங்கூன் துறைமுகத்தில் தம் உடைமைகளை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். ஒரு துறைமுகத்தில் ஒரு கணக்கு நேராகும்போது, அதே துறைமுகத்தில் இன்னொரு கணக்கு கோணலானது. திரும்பி வந்த பொருள்களில் ஒன்றை, அன்னப்பறவை வடிவில் மணிகள் பதித்த பொன் தாம்பூலப் பெட்டியை, பர்மா மறுபடி லண்டனுக்கே அன்பளிப்பாக அனுப்பியது. இத்தனை காலம் காத்ததற்கு நன்றி. முன்பு கொள்ளைப்பொருளாக இருந்த அதே அருங்காட்சியகத்தில் அந்தப் பறவை இப்போது பரிசாக இருக்கிறது. பொன் மாறவில்லை, வேலைப்பாடு மாறவில்லை. அதன்கீழ் எழுதியிருக்கும் வரி மட்டும் மாறியது.

தேவகோட்டைப் பெட்டிக்கு அவ்வளவு பெரிய அரங்கு கிடைக்காது. அதற்கு வேண்டியது அரைத்தாள். மேலே வீட்டு விலாசம். அதன்கீழ், பெட்டியை வைத்திருந்த ஆச்சியின் பெயர், கொண்டுவந்தவர் கடை வைத்திருந்த பர்மா ஊர், தெரிந்தால் ஆண்டு. அதற்கும் கீழே இரண்டு வரி: பகான் பக்கத்து வேலை, செய்தவர் பெயர் தெரியவில்லை, வாங்கிய பணம் நெல்வயல் அடமான வட்டியில் வந்தது. மடித்து அடித்தட்டில் வைத்து மூடினால், பெட்டியை விலைபேசலாம்.